சமோசா எந்த ஊர்ப் பண்டம்?

இன்றைய பதிவு சமோசாவைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் திங்கட்கிழமை என்றால் பாதித் திருவிழா. குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கச் செங்கம், போளூர், தண்டராம்பட்டு, ஜவ்வாது மலை என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். விடியற்காலையில் கிளம்பி அரைகுறையாகச் சாப்பிட்டு வந்தவர்கள் பதினொரு மணிக்கெல்லாம் வேலூர் சாலையோரம் டீக்கடையைத் தேடுவார்கள். கடைக் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு வகை சமோசா இருக்கும். ஒன்று குண்டு, கூம்பு மாதிரி உட்கார்ந்திருக்கும், உள்ளே உருளைக்கிழங்கும் பட்டாணியும். இன்னொன்று சின்னது; தட்டை முக்கோணம்; கடித்தால் அப்பளம் போல நொறுங்கும்; உள்ளே வெங்காயம். மனுவோடு வந்தவர்கள் கை பெரும்பாலும் சின்னதைத்தான் தேடும். பெரியது ஒன்றின் காசுக்குச் சின்னது இரண்டு மூன்று வரும், பிள்ளைக்கும் ஒன்று கொடுக்கலாம்.

காட்பாடி ரயிலில் கூடையில் வருவதும், சினிமா இடைவேளையில் தட்டில் வந்ததும் இந்தச் சின்ன சமோசாதான். தமிழ்நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் தின்ற சமோசா வெங்காயச் சமோசா என்றுதான் சொல்வார்கள். உருளைக்கிழங்கு சமோசா நமக்குப் பின்னால் வந்த விருந்தாளி.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் ஒரு வாட்சப் செய்தி ஊர் முழுக்கச் சுற்றியது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். "சமோசா அந்நியப் பண்டம். நம் கூட்டங்களிலும் விசேஷங்களிலும் அதைத் தவிர்ப்போம். நம் முன்னோர் தந்தது கொழுக்கட்டை." கீழே கைகூப்பும் பொம்மை நான்கு. இப்படி நாளுக்கு நாற்பது வருகிறது, தள்ளிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் ஒருவர் அதையே தீர்மானமாகக் கொண்டுவந்துவிட்டார். மாதம் ஒருமுறை கூடுகிறோம், டீயோடு ஆளுக்கு ஒரு சமோசா. 60 சமோசா. அதைப் பல வருடமாகச் செய்து தருபவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு முஸ்லிம் அம்மா. கணவர் காலமாகிவிட்டார். சமோசாவும் சமோசாப் பட்டியும் செய்து விற்றுத்தான் குடும்பம் ஓடுகிறது. செய்தியில் அவர் பெயர் இல்லை. ஆனாலும் அது யார் வீட்டு அடுப்பில் போய் விழும் என்று கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அதனால் முதலில் அந்தச் செய்தியை மதித்தே பேசுவோம். சமோசா வெளியிலிருந்து வந்ததா? ஆமாம், வந்தது. அதில் சந்தேகமே இல்லை.

பாரசீகத்தில் அதற்குச் சன்போசக் என்ற மாதிரிப் பெயர். அரபியில் சன்பூசஜ், சம்பூசக். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் அரசவை இசைக்கலைஞர் இஸ்ஹாக் அல் மவ்சிலி இந்தப் பண்டத்தைப் புகழ்ந்து கவிதையே பாடியிருக்கிறார். 10-ஆம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல் வர்ராக் தொகுத்த பாக்தாத் சமையல் நூலில் செய்முறை இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் கஜினி அரசவையின் வரலாற்றை எழுதிய பைஹகி அதைக் குறிப்பிடுகிறார். அங்கிருந்து வணிகர்களோடும் சமையல்காரர்களோடும் படைகளோடும் டெல்லிக்கு வந்திருக்கிறது.

14-ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்ட இப்னு பதூதா அதை அழகாக எழுதி வைத்திருக்கிறார். கொத்திய இறைச்சி, பாதாம், அக்ரோட், பிஸ்தா, வெங்காயம், மசாலா எல்லாம் சேர்த்து மெல்லிய ரொட்டிக்குள் வைத்து நெய்யில் பொரித்தது. இதே இப்னு பதூதா பிறகு நம் தமிழ் மண்ணுக்கும் வந்து மதுரை வரை போனவர். மால்வாவில், மாண்டு நகரத்தில், கியாத் ஷா என்ற சுல்தானுக்காக 1500-ஐ ஒட்டி எழுதப்பட்ட 'நிமத்நாமா' என்ற சமையல் நூலில் சமோசா செய்முறைகள் பல. சமோசா செய்யும் ஓவியமும் உண்டு. நூல் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அக்பர் காலத்து 'அயினி அக்பரி'யில், குதாப் என்பதை இந்துஸ்தானத்து மக்கள் சன்பூசா என்று சொல்கிறார்கள் என்று அபுல் பசல் எழுதுகிறார். அசர்பைஜானில் குதாப் என்ற பெயரில் உள்ளே வைத்து மடித்த பண்டம் இன்றும் இருக்கிறது.

இதிலெல்லாம் ஒன்றைக் கவனியுங்கள். உருளைக்கிழங்கு இல்லை. மிளகாய் இல்லை. இருக்கவும் முடியாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துகீசியர் கப்பல் வந்த பிறகுதான் இந்தியாவுக்குள் நுழைந்தன. துக்ளக் இன்று வந்து நம் டீக்கடைச் சமோசாவைக் கடித்தால், "இது என்ன?" என்றுதான் கேட்பார். தோல் அவருக்குத் தெரிந்ததாக இருக்கும். உள்ளே இருப்பது தெரியாது.

என் கட்சி இதுதான். தோல் ஊர் ஊராகப் போகும். உள்ளே என்ன வைப்பது என்பதை அந்தந்த ஊர்தான் முடிவு செய்கிறது. அப்படி முடிவு செய்த பிறகு அது அந்த ஊர்ப் பண்டம்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் அடிக்கடி போவதுண்டு. அவர் பேத்திக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். (ஓய்வுபெற்றும் கணக்கு என்னை விடவில்லை.) பட்டி போடுவதைப் பார்த்தால் அது எவ்வளவு வேலை என்று தெரியும். மைதாவில் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், தண்ணீர் விட்டுச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து ஊற வைக்கிறார். சின்னச் சின்ன உருண்டை. பூரி அளவு தேய்த்து, மேலே எண்ணெய் தடவி, மாவு தூவி, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. நான்கு அடுக்கு சேர்ந்ததும் மொத்தமாக வைத்துத் தேய்க்கிறார். ஒன்றாகச் சேர்ந்து தேய்வதால் ஒவ்வொன்றும் தனியாகத் தேய்க்க முடியாத அளவுக்கு மெல்லிசாகிறது. பிறகு தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் வாட்டுகிறார். சிவக்கக்கூடாது, மாவின் பச்சை மட்டும் போக வேண்டும். சூட்டோடு சூடாக நான்கையும் உரித்து எடுத்து ஈரத்துணியில் மூடிவிடுகிறார். விரல் நுனிகள் காய்த்துப் போயிருக்கின்றன. அப்புறம் கத்தியால் நீள நீளமாக வெட்டினால் அதுதான் பட்டி.

பட்டியின் ஒரு முனையை மடித்துக் கூடு மாதிரி செய்து, பூரணத்தை வைத்து, மடித்து மடித்துப் போய்க் கடைசியில் மைதாப் பசை தடவி ஒட்டுகிறார். ஒரு சமோசாவுக்கு ஐந்தாறு விநாடி. கணக்கு டீச்சருக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு. முதல் மடிப்பு 60 பாகையில் விழுந்தால் அடுத்த மடிப்புகள் தாமாகவே சமபக்க முக்கோணமாக வந்து உட்காரும். கண்ணால் அளந்தே அவர் கை 60 பாகையைப் பிடிக்கிறது. குண்டு சமோசாவுக்கு வேறு கணக்கு: வட்டமாகத் தேய்த்துப் பாதியாக வெட்டிய அரைவட்டத்தைச் சுருட்டினால் கூம்பு. அரைவட்டத்தின் ஆரம் கூம்பின் சாய்வுயரமாகிறது; கூம்பின் அடி ஆரம் அதில் பாதி. அப்படியானால் உச்சிக் கோணம்? வரைந்து பாருங்கள், அதுவும் 60 பாகை. (ஓரம் ஒட்ட மடித்துவிடுவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும்.) பேத்திக்கு வட்டக்கோணப்பகுதியையும் கூம்பையும் இதை வைத்துத்தான் புரிய வைத்தேன். மறக்கவே இல்லை.

அன்று போனபோது அந்த வாட்சப் செய்தி அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது. பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். எப்போதும் போல டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, "டீச்சர், ஆர்டர் வேணாம்னா பரவால்ல, அல்லா வேற வழி காட்டுவான். ஆனா வெளிநாட்டுப் பண்டம்னு போட்டிருக்காங்களே, நான் வேலூரத் தாண்டி எங்கயும் போனதில்ல. என் சமோசா மட்டும் எப்ப டீச்சர் வெளிநாடு போச்சு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய வீட்டில் ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சியோடு வைப்பது கைமா சமோசா. கடைக்குப் போவது வெங்காயம். ஏன் என்று கேட்டால் விளக்கமெல்லாம் சொல்லமாட்டார். எனக்குத் தோன்றுவது இரண்டு. ஒன்று, டீக்கடை விலைக்குக் கைமா கட்டாது. இன்னொன்று, இது திருவண்ணாமலை. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் வந்து 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். அன்று கறி தொடாதவர்கள்தான் அதிகம். யார் வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடிய பூரணமாக இருக்க வேண்டும். இறைச்சியோடு கூட்டாளியாக உள்ளே இருந்த வெங்காயம், இறைச்சி போனதும் தனி ஆளாக நின்றுவிட்டது. வேறு ஊர்களிலும் இதே கதைதான் நடந்திருக்கும். ஹைதராபாத் ஈரானி டீக்கடைகளிலும் வெங்காயச் சமோசாதான் பேர் பெற்றது.

அந்த வெங்காயத்துக்கும் சோதனை வந்தது. 2019 கடைசியில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி எகிறியது நினைவிருக்கும். அப்போது எங்கள் பக்கத்துக் கடைகளில் பாதி சமோசாவுக்குள் முட்டைக்கோஸ் புகுந்துகொண்டது. மத்திய அரசு எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வெங்காயம் இறக்குமதி செய்தது. பெரிசு பெரிசாக, கருஞ்சிவப்பாக, காரமே இல்லாமல் தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கும் வந்தது. உண்மையிலேயே அந்நியச் சமோசா என்று ஒன்று இருந்திருந்தால் அந்த இரண்டு மாதம் விற்றதுதான். அப்போது யாரும் வாட்சப்பில் எதுவும் போடவில்லை. எப்போது விலை இறங்கும் என்றுதான் கேட்டோம்.

சரி, கொழுக்கட்டைக்கு வருவோம். கொழுக்கட்டை நம்முடையது என்பதில் செய்தி அனுப்பியவரோடு எனக்குச் சண்டையே இல்லை. இன்னும் பலமான சாட்சி நானே தருகிறேன். பத்துப்பாட்டில் ஒன்றான மதுரைக்காஞ்சியில், மாங்குடி மருதனார் மதுரையின் இரவைச் சொல்லும் இடத்தில் மோதகம் வருகிறது. உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகம். அந்தப் பூரணத்துக்கு அவர் சொல்லும் பெயர் கவவு. விற்பவர்கள் நேரமானதால் பண்டத்தோடு உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார்கள். பௌர்ணமி இரவு இரண்டு மணிக்குக் கிரிவலப் பாதையில் சுண்டல் கூடையோடு தூங்கி விழுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வரும். ஒன்றுக்குள் ஒன்றை வைத்து மூடுவது நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தை இல்லை.

ஆனால் இன்று நம் வீட்டில் பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்யும் உளுத்தம் பூரணக் கொழுக்கட்டையை எடுத்துப் பாருங்கள். ஊறவைத்த உளுந்தோடு என்ன சேர்த்து அரைக்கிறோம்? பச்சை மிளகாயோ காய்ந்த மிளகாயோ. மாங்குடி மருதனாருக்கு மிளகாய் தெரியாது, மிளகுதான் தெரியும். மிளகு மாதிரி உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். இன்று மிளகாய் இல்லாத கொழுக்கட்டையை "பழைய மரபு" என்று பரிமாறினால் வீட்டில் எத்தனை பேர் இரண்டாவது எடுப்பார்கள்?

தீபாவளிச் சோமாசியை யாரும் அந்நியம் என்று சொல்லிக் கேட்டதில்லை. மைதாத் தோல், உள்ளே பொட்டுக்கடலை, சர்க்கரை, தேங்காய், ஏலக்காய். அரை நிலா மாதிரி மடித்து, சக்கரம் வைத்த சோமாசிக் கரண்டியால் ஓரம் வெட்டுவோம். மகாராஷ்டிரத்தில் கரஞ்சி, வடக்கே குஜியா, ஆந்திரத்தில் கஜ்ஜிக்காயலு. சோமாசி, சமோசா இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அக்கா தங்கை மாதிரி என் காதுக்குக் கேட்கிறது. சர்க்கரை போட்டால் நம்முடையது, உப்புப் போட்டால் அந்நியமா?

உலகத்தில் இந்த மடித்த பண்டம் போகாத இடம் குறைவு. என்னிடம் படித்த பையன் ஒருவன் மருத்துவம் படிக்க உஸ்பெகிஸ்தான் போயிருக்கிறான். அங்கே சோம்சா என்கிறார்களாம். பொரிப்பதில்லை, தந்தூரி அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள். உள்ளே ஆட்டுக்கறி, வெங்காயம், ஆட்டு வால் கொழுப்பு. படம் அனுப்பி, "டீச்சர், ரெண்டு தின்னா மதியச் சாப்பாடு முடிஞ்சது" என்று எழுதியிருந்தான். குளிர் நாடு, மேய்ச்சல் நாடு. கொழுப்பு வேண்டும், கறி இருக்கிறது. பொரிக்கிற எண்ணெய் நம் ஊர் சங்கதி. கடலை விளைகிற மாவட்டம் நம்முடையது. (இப்போது கடைகளில் பாமாயில்தான், அது வேறு துக்கம்.)

சோமாலியாவில் சம்பூஸ், ரம்ஜானில் தவறாத பண்டம், இறைச்சி வைத்தது. பக்கத்து எத்தியோப்பியாவில் அதே சம்பூசாவுக்குள் பருப்பு. அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வருடத்தில் பல நாட்கள் விரதம் இருப்பார்கள். அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. ஆகவே பருப்புச் சம்பூசா. நம் பௌர்ணமி வெங்காயச் சமோசாவும் அதுவும் ஒரே காரணத்துக்குப் பிறந்த பிள்ளைகள் என்று எனக்கு ஒரு எண்ணம். கோவாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் போர்த்துகலுக்கே போய், இன்று லிஸ்பன் காபிக்கடையில் சமூசா என்று சாதாரணமாக விற்கிறது. ஆண்டவர்களின் ஊருக்கே குடியேறிய பண்டம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கார்ன்வால் கதை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் தகரச் சுரங்கத் தொழிலாளிகளின் சாப்பாடு பேஸ்டி. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் மாதிரியான ஒரு கிழங்கு, எல்லாவற்றையும் மாவில் மூடி ஓரத்தைக் கயிறு போல முறுக்கிச் சுட்டது. அழுக்குக் கையால் அந்த ஓரத்தைப் பிடித்துத் தின்றுவிட்டு ஓரத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று கதை சொல்வார்கள். சமோசாவுக்கும் பேஸ்டிக்கும் வம்ச உறவு கிடையாது. நம் கொழுக்கட்டை மாதிரி அதுவும் தானாக முளைத்தது. 1820-களில் அந்தச் சுரங்கக்காரர்கள் மெக்சிகோவில் ரியல் டெல் மான்டே என்ற மலை ஊருக்கு வெள்ளிச் சுரங்க வேலைக்குப் போனார்கள். பேஸ்டியும் போனது. அங்கே அதன் பெயர் பாஸ்தே. உருளைக்கிழங்கோடு மிளகாய் சேர்ந்தது, பிறகு மோலே குழம்பும் பீன்ஸும் உள்ளே போயின. இன்று அந்த ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் ஊர்ப் பெருமையாக விழா எடுத்துக் கொண்டாடுகிறார்கள். கார்ன்வால்காரர்களோ 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள்; கார்ன்வாலில் செய்தால்தான் கார்னிஷ் பேஸ்டி. செய்துகொள்ளட்டும். மெக்சிகோ பாஸ்தேயை அது ஒன்றும் செய்யவில்லை.

இந்தக் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் நமக்கு அந்நியர் இல்லை. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலைத் தோண்டியபோது அங்கேயும் வந்தார்கள். அவர்கள் மேற்பார்வையில் ஆழத்தில் இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். நம் பழைய வடஆற்காடு மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். (திருவண்ணாமலை 1989-இல்தான் தனி மாவட்டமானது.) 2001-இல் சுரங்கம் மூடும்வரை இங்கிருந்து உறவுக்காரர்கள் போக்குவரத்தாகவே இருந்தார்கள். எங்கள் தெருவிலேயே கோலார் சம்பந்தம் உள்ள வீடுகள் இருக்கின்றன.

தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. இலங்கைத் தமிழர் வீட்டு விசேஷங்களில் பற்றீஸும் றோல்ஸும் இல்லாமல் நடக்காது. ஐரோப்பியர் பழக்கிய மாவு மடிப்புக்குள் மீனும் கறிவேப்பிலையும் உருளைக்கிழங்கும் வைத்து, றோல்ஸ் என்றால் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, இன்று டொரோன்டோவிலும் லண்டனிலும் அதைத் தமிழ்ப் பலகாரம் என்றே கடைகளில் அடுக்குகிறார்கள். மலேசியாவில் கரிபாப். பர்மாவில் சமோசாவைத் துண்டுதுண்டாக நறுக்கி, முட்டைக்கோசும் வெங்காயமும் புதினாவும் போட்டு, மேலே பருப்புக் குழம்பை ஊற்றிச் சாலட் மாதிரி பிசைந்து தருவார்கள். மொறுமொறுப்புப் போய்விடுமே என்று நமக்குத் துடிக்கும். அவர்களுக்கு அதுதான் ருசி.

இவ்வளவையும் சுருக்கமாகத்தான் கூட்டத்தில் சொன்னேன். தீர்மானம் கொண்டுவந்தவர் பொறுமையாகக் கேட்டார், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். மதுரைக்காஞ்சி என்றதும் எங்கள் மூத்த தமிழாசிரியர் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்து, கவவு என்ற சொல்லுக்கு அகத்திடுதல், அணைத்துக்கொள்ளுதல் என்றும் பொருள் உண்டு என்று பத்து நிமிடம் பாடமே நடத்திவிட்டார். நடத்தியவர் முடிக்கும்போது, "கொழுக்கட்டையே வைக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. 60 கொழுக்கட்டை யார் செய்வது?" என்று கேட்டார். ஆண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் ஆண்களைப் பார்த்தார்கள். தீர்மானம் அப்படியே நின்றது. அதுவும் நியாயத்தால் நின்றதா, கொழுக்கட்டை பிடிக்கச் சோம்பலால் நின்றதா என்றால், பாதிப் பாதி.

இந்த மாதமும் 60 சமோசாதான் வந்தது. இரண்டு பேர் எடுக்கவில்லை. ஒருவர் சர்க்கரை, கொழுப்பு இருக்கிறது என்று எப்போதுமே எடுக்காதவர். இன்னொருவர் இதற்கு முன் எடுத்தவர். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. தட்டில் மீந்ததை வாட்ச்மேன் தம்பி இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு போனார். அந்த அம்மாவிடம் 60-க்கும் பணம் கொடுத்தபோது, "எல்லாரும் சாப்பிட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டார். "ஒண்ணுகூட மீறலம்மா" என்றேன். அது உண்மைதானே.

போன பதிவின் கீழே பத்மாசனி மாதிரிப் பொறுமை உள்ளவர்களுக்குச் செய்முறை கேட்டிருந்தீர்கள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். வெங்காயத்தை நீளமாக, மெல்லிசாக நறுக்கி உப்புப் போட்டுப் பிசிறிப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் விடும். நன்றாகப் பிழிந்துவிடுங்கள். வதக்கக் கூடாது, பச்சையாகத்தான் உள்ளே போக வேண்டும், எண்ணெயில் வேகும்போது அதுவே வெந்துவிடும். மிளகாய்த்தூள், கொஞ்சம் சோம்புத்தூள், கொத்தமல்லித்தழை. ஒரு கைப்பிடி மெல்லிசு அவல் சேர்த்தால் மீதி ஈரத்தை அது குடித்துக்கொள்ளும், தோல் நமத்துப் போகாது. அவலை நனைக்காமல் போடுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்து, பிறகு தணலைக் குறைத்துப் போட வேண்டும். அதிகச் சூட்டில் தோல் சிவந்துவிடும், வெங்காயம் பச்சையாகவே நிற்கும். மூலைகளில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போகும், பசையை அங்கே தாராளமாகத் தடவுங்கள்.

பட்டி வீட்டில் போட முடியாதவர்கள், திருவண்ணாமலையிலும் வேலூரிலும் முஸ்லிம் தெருக்களில் விசாரித்தால் கிடைக்கும். ரம்ஜான் மாதத்தில் எளிதாகக் கிடைக்கும், மற்ற மாதங்களில் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். வாங்கியதும் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், காற்றுப்பட்டால் மடிக்கும்போது ஒடியும்.

உங்கள் ஊர்ச் சமோசாவுக்குள் என்ன இருக்கிறது?